மாமா ஒதுக்கி வைத்த தெரு

அம்மா இறந்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "பட்டதெல்லாம் போதும். இப்பதான் விடுதலை கிடைச்சுது." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். நான் கையை உருவிக்கொண்டேன்.

காது கேட்காது, கண் தெரியாது. அம்மாவைப் பற்றி அவர்களுக்கு இருந்த தகவல் அதோடு முடிந்தது. அவள் சலவை நிலையத்தில் வேலை பார்த்ததை யாரும் வாயில் எடுக்கவில்லை. தெரியாமல் இல்லை. 'பாவம்' என்று ஆரம்பித்த பேச்சின் நடுவில் சம்பளத்தைக் கொண்டுவர முடியாது, அவ்வளவுதான்.

அதனால் எழுதுகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது. தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை. முள் என்ன காட்டுகிறது, உண்மையில் என்ன, வித்தியாசம் எவ்வளவு என்று எழுதிப் பழகியவள்.

அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பார்வை பிறகு போனது. அதுவும் ஒரே நாளில் அல்ல. முதலில் இருட்டில் தடுமாறினாள். பிறகு பக்கவாட்டில் இருப்பவை மறைந்தன. முகத்தைப் பார்த்தால் தோள் தெரியாது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல என்று விரல்களை வளைத்துக் காட்டுவாள். குழாய் வருடா வருடம் சிறுத்தது. நான் டிப்ளமோ முடித்த வருடம் முழுக்க அடைந்துபோனது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவின் அண்ணன், என் மாமா, எங்கள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் நம்பாத தொழில். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது.

மாமா நல்லவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல எனக்குப் பொறுமை இருக்காது.

தங்கையைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். தண்ணீருக்கு அவள் கை நீட்டும் முன்பே டம்ளர் அவள் கையில் இருக்கும். எழுந்து நின்றால் தோளை அழுத்தி உட்கார வைப்பார். ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி போட்டுக் கொடுத்தார். வெளிச்சமும் தெரியாத, தெருவும் கேட்காத ஒருத்திக்கு ஜன்னலோரம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அந்த நாற்காலியில் பருத்தாள்.

அவளோடு நாங்கள் உள்ளங்கையில் பேசுவோம். விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுத வேண்டும். தமிழை உள்ளங்கையில் எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. கொம்பும் சுழியும் போட்டு முடிப்பதற்குள் கோபமே ஆறிவிடும். அதனால் பாதியைச் சுருக்கிவிட்டோம். மாமா என்றால் உள்ளங்கையில் மீசை போல ஒரு வளைவு. நான் என்றால் மணிக்கட்டைச் சுற்றி ஒரு கோடு, கடிகாரம். அம்மா பதிலுக்குக் கைச்சைகையில் பேசுவாள். படுவேகம். எங்கள் வீட்டில் திக்கித் திக்கிப் பேசியவர்கள் காது கேட்கிற நாங்கள்தான்.

ஒருநாள் அவள் சைகையில் சொல்லாமல் என் உள்ளங்கையில் எழுதினாள். தப்பாகப் புரிந்துவிடக் கூடாது என்று நினைக்கும்போது மட்டும் அப்படி எழுதுவாள். 'வேலைக்குப் போகணும்.'

மாமாவிடம் சொன்னேன்.

"எதுக்கு? இங்க என்ன குறை? தங்கச்சி சம்பாத்தியத்துல நான் சோறு திங்கணுமா?"

"உங்களுக்காக இல்ல மாமா. அவங்களுக்காக."

"அவளுக்கு அப்படி என்ன செலவு? சினிமாவா, செல்போனா?"

அம்மாவின் கையில் அதை எழுதினேன். அவள் உடனே சைகை காட்டினாள். 'சோப்பு. அண்ணன் வாங்குற சோப்புல ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது.'

மாமா அடுத்த நாளே வேறு சோப்பு வாங்கி வந்தார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்.

நான் அம்மாவை அழைத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தேன். பார்வையற்றோர் அலுவலகத்தில், "காது கேக்காதா? அப்ப அந்த ஆபீஸ்ல கேளுங்க" என்றார்கள். காது கேளாதோர் அலுவலகத்தில், "கண்ணு தெரியாதா? அப்ப அந்த ஆபீஸ்" என்றார்கள். இரண்டும் ஒரே நடைகூடத்தில் எதிரெதிர் அறைகள். அந்த நடைகூடத்தில் அம்மா எத்தனை முறை திரும்பி நடந்தாள் என்றால், மூன்றாவது தடவை நான் கையைப் பிடிக்கவே தேவைப்படவில்லை.

கடைசியில் வேலை கிடைத்தது ஒரு சலவை நிலையத்தில். மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் இருந்து விரிப்பும் துண்டும் வரும். துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்ப வேண்டும். மடிக்கும் மேசையில் யாரும் நிலைப்பதில்லை, முதுகு போய்விடும். "உங்கம்மா நிப்பாங்கன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் முதலாளி. முதல் வாரம் அம்மா பாதித் துண்டுகளைக் கழிவுக் கூடையில் எறிந்தாள். கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அவளுக்கு அது கந்தல். "மகாராணி வீட்டுல எல்லாம் புதுசு போல" என்றார் முதலாளி. பிறகு பழகிக்கொண்டாள்.

மேசையின் எதிர்ப்பக்கம் ஒரு பெண். 'ரேடியோ' என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். வாய் ஓயாது. அதனால் அவளோடு யாரும் நிற்க மாட்டார்கள். அம்மாவைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார்கள். ரேடியோ நாள் முழுக்க அம்மாவோடு பேசினாள்.

"கேக்காதுன்னு தெரியுமில்ல?" என்று கேட்டேன்.

"தெரியும்மா. அதான் நிம்மதி. மத்தவங்க நடுவுல பதில் சொல்லிடறாங்க."

ஒரு மாதத்தில் அவளும் உள்ளங்கையில் எழுதக் கற்றுக்கொண்டாள். அங்கும் நிறுத்தாமல் எழுதினாள். வீட்டுக்கு வந்து அம்மா கையைத் தேய்த்துக்கொள்வாள்.

வேலை சரி. போய்வருவதுதான் சிக்கல். முதலில் மாமா கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வாசலில் ஸ்டூல் போட்டு மாலைவரை உட்கார்ந்திருந்தார். அம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: 'தனியாகப் போவேன்.' மாமா தலையில் அடித்துக்கொண்டார். அவள் விடவில்லை. நடைப் பயிற்சி தரும் டீச்சர் ஒருவர் விடுமுறை நாட்களில் வந்தார். சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட தடி கொடுத்தார். இடக்கையால் மதில் சுவரை உரசியபடி முனைவரை. முனையில் பேக்கரியின் சூடு முகத்தில் அடிக்கும். அங்கே திரும்ப வேண்டும். டியூஷன் சென்டர், பெயிண்ட் கடை, அதைத் தாண்டிப் பெரிய சாலை. சாலையோரம் நின்று ஓர் அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்: 'எனக்குக் கண் தெரியாது, காது கேட்காது. தோளைத் தொட்டு, சாலையைக் கடக்க உதவுங்கள்.' கடந்தால் சலவை நிலையத்தின் நீராவி வாடை. அதுவே வழி காட்டும்.

நானும் என் பங்குக்குக் குறுக்கே எதுவும் வந்தால் அதிரும் ஒரு பெல்ட் செய்து கொடுத்தேன். அது சுவருக்கும் அதிர்ந்தது, நாய்க்கும் அதிர்ந்தது, அம்மாவின் கை குறுக்கே வந்தாலும் அதிர்ந்தது. அவள் அதைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். 'இதுக்கு உங்க மாமாவே தேவலை.'

பயிற்சி முடிந்து அவள் தனியாகப் போகத் தொடங்கினாள். மாதக்கணக்கில் ஒரு கீறல்கூட இல்லை. நான் அவளுக்கு முன்பே கம்பெனி பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். மாலையில் அம்மா என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு பீற்றிக்கொள்வாள். தெரு அவளுக்கு மனப்பாடமாம். அட்டையைத் தூக்கிய மறுநொடியே யாராவது தோளைத் தொட்டுவிடுகிறார்களாம். இந்த ஊர்க்காரர்கள் தங்கமாம். அவள் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். டம்ளரை நீட்டிய மாமாவின் கையைத் தட்டிவிட்டு, தானே போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டாள்.

மாமா ஒரு நாள் காய்ச்சலில் படுத்தார். அன்று அம்மா டியூஷன் சென்டர் வாசலில் சைக்கிள் வரிசையில் மோதி, அதோடு சேர்ந்து சாய்ந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. முழங்கையில் தையல்.

முதலாளி போன் செய்தார். "இனிமே கூட ஒரு ஆள் வரணும்மா. இல்லன்னா வேணாம். எனக்குப் பயமா இருக்கு."

"ரோட்டுலதான சார் விழுந்தாங்க? உங்க இடத்துல இல்லையே?"

"எங்க விழுந்தாலும் நாலு பேரு என்னைத்தான் கேப்பாங்க."

மாமா போர்வைக்குள்ளிருந்து, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

அம்மா கட்டுப் போடாத கையால் என் கையைத் தேடி இழுத்தாள். எழுதினாள். 'வண்டி புதுசா?'

'எந்த வண்டி?'

'டியூஷன் வாசல்ல. நேத்து வரைக்கும் இல்ல.'

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். சைக்கிள்கள் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு, வாலை நடைபாதையில் நீட்டி நின்றன. அடுத்து பெயிண்ட் கடையின் டப்பா அடுக்கு, ஒரு ஏணி. கடைக்காரரிடம், இந்த வண்டிகள் எப்போதிலிருந்து நிற்கின்றன என்று கேட்டேன்.

"டியூஷன் ஆரம்பிச்ச நாள்லேருந்து நிக்குது. லீவு நாள்ல மட்டும் இருக்காது. ஏம்மா, மாமா உங்ககிட்ட சொல்லலையா? தினம் காலையில அவருதான முன்னாடி வந்து எல்லாத்தையும் ஓரங்கட்டுவாரு? மந்திரி வர்ற மாதிரி! என் ஏணியக்கூட உள்ள தூக்கி வெச்சிடுவாரு. அம்மா தாண்டினதும் மறுபடி எடுத்து வெளிய சாத்திட்டுப் போவாரு. சாயங்காலமும் அப்படித்தான். இந்தக் காலத்துல யாரு இப்படிப் பண்ணுவா?"

"ரோடு தாண்டி விடறது?"

"அது நான்தான். அட்டையத் தூக்கினா ஓடிப்போய்த் தொடணும்னு மாமா சொல்லி வெச்சிருக்காரு. நான் இல்லாத அன்னிக்கு என் தம்பி." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தப்பாம்மா?"

அழுத்தமானியின் முள்ளை ஒருவர் கையால் பிடித்து நல்ல எண்ணில் நிறுத்தி வைத்திருந்தால், அந்த மானி தப்பாகக் காட்டுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. அது எதையும் அளக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மாமாவின் போர்வையை இழுத்தேன்.

"தினம் அம்மாவுக்கு முன்னாடி போனீங்களா?"

"யார் சொன்னா?"

"போனீங்களா, இல்லையா?"

"பின்னாடியும் போனேன். முன்னாடி ஒதுக்கிட்டு, ஓரமா மூச்சு விடாம நின்னு, அவ தாண்டினதும் பின்னாடி ஓடணும். ஒத்தை ஆளா எத்தனை வேலை தெரியுமா?"

"அம்மா தெருவைக் கத்துக்கல மாமா. நீங்க செட்டு போட்டு வெச்சதைக் கத்துக்கிட்டாங்க."

"அவ விழுந்து மூக்கு உடையறதைக் கையைக் கட்டிட்டுப் பாக்கணுமா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அங்கயும் மீட்டர்தானா?"

"எத்தனை நாளைக்கு ஒதுக்குவீங்க?"

"நான் இருக்கற வரைக்கும்."

"அப்புறம்?"

அவர் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். மாமாவுக்குப் பிறகு அம்மா என்ன செய்வாள் என்பதுதான் எங்கள் இருவர் மனதிலும் இருந்த கேள்வி. இப்போது மாமா இருக்கிறார். அம்மா இல்லை.

அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் எழுதினேன். மீசை வளைவு, சைக்கிள், ஏணி. அவள் இடையில் நிறுத்தி, 'ரோடு?' என்று கேட்டாள். அதையும் எழுதினேன். பிறகு மெதுவாக எழுதினாள்.

'நான் நடக்கவே இல்லையா?'

'நடந்தீங்க' என்று எழுதினேன். பலகையில் எழுதியதை அழிப்பது போல உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள்.

கோபம் வந்தால் மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அம்மா இரண்டு கையையும் மூடி அக்குளில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவளிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. காய்ச்சலோடு மாமா எழுந்து வந்து எதிரே உட்கார்ந்து, அவள் முழங்காலின் மேல் 'மன்னிச்சிடு' என்று எழுதினார். அவள் காலை மடக்கிக்கொண்டாள். அவர் தோளில் எழுதினார். அவள் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

"என்னமோ கொலை பண்ணிட்ட மாதிரி!" என்று மாமா என்னிடம் கத்தினார். அவள் கேட்காததை நான் கேட்க வேண்டியிருந்தது.

நான் முதலாளியிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "சரி, ஒரே ஒரு தடவை. கட்டு பிரிச்ச பிறகு வர்ற திங்கட்கிழமை தனியா வரட்டும். மணி அடிக்கறதுக்குள்ள மேசைல நிக்கணும். அப்புறம் நான் வாயைத் திறக்கல. ஆனா உங்க மாமா தலை அந்தத் தெருவுல தெரிஞ்சுதுன்னா, வேலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

கட்டு பிரித்ததும் அம்மாவும் நானும் உண்மையான தெருவில் நடந்தோம். டியூஷன் நடக்கிற நேரமாகப் பார்த்துப் போனோம். நான் தொடக் கூடாது, பெயிண்ட் கடைக்காரரும் இனி ஓடி வரக் கூடாது என்பது அவள் போட்ட விதி. அவரிடமும் சொல்லிவிட்டேன். தடி சக்கரத்துக்கு அடியில் புகுந்துவிடும். ஒன்றும் இல்லை என்று நினைத்து அவள் அடி வைப்பாள். ஹேண்டில் நெஞ்சில் குத்தும். தடிக்குத் தரை மட்டும்தான் தெரியும். மற்றக் கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினாள். அது சுவரைத் தொடும் கை. சுவரை விட்டால் திசை போய்விடும். திசை போனால் மறுபடி பேக்கரியிலிருந்து. அவள் திட்டினாள். சைகையில் திட்டுவது வாயால் திட்டுவதைவிட மோசம், விவரமாக இருக்கும். பேக்கரிக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

ஒருமுறைகூட அவள் மோதாமல் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை இதுதான் நிலவரம்.

மாமா அன்று மாலை அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் யோசித்துக் கையை நீட்டினாள். அவர் மீசை வளைவைப் போட்டு, அதன் மேல் ஓர் அடி அடித்தார். "என் மீசை மேல சத்தியம். வர மாட்டேன்னு நீயே விளக்கமா எழுதிடு" என்றார் என்னிடம். எழுதினேன்.

திங்கட்கிழமை நான் தாமதமாக வர அனுமதி வாங்கியிருந்தேன். அம்மா தடியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் குனிந்து தன் செருப்பைத் தேடினாள். கை பக்கத்தில் நகர்ந்து மாமாவின் காலில் பட்டது. வீட்டுக்குள் செருப்புப் போடாத மாமா செருப்புப் போட்டிருந்தார். அம்மாவின் விரல்கள் அந்த வாரைத் தடவி, பக்கிளை ஒருமுறை தொட்டுப் பார்த்தன. நிமிர்ந்தாள். வெளியே இறங்கிக் கதவை இழுத்துச் சாத்தினாள். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"ஏய்!" மாமா கதவில் அறைந்தார். "பூட்டிட்டா! எஞ்சினியரம்மா, உங்கம்மா நம்மளைப் பூட்டிட்டா!"

"பூட்டல மாமா. தாழ்தான்."

"அது ரொம்ப முக்கியம்!"

"உங்களுக்குப் போட்ட தாழ். நான் நடுவுல மாட்டிக்கிட்டேன். சத்தியம் பண்ணினீங்களே?"

"தெரு முனை வரைக்கும்தான்னு நெனச்சேன்." ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தினார். "சுவத்தைத் தொட்டுட்டுப் போறா. நேராத்தான் போறா. போச்சு, மறைஞ்சுட்டா."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலுக்கு வந்தார். "என்ன ஆச்சு? திறக்கவா?"

"திறம்மா, சீக்கிரம்!" என்றார் மாமா.

"வேணாம்க்கா" என்றேன் நான். "இவர் வெளிய வந்தா அம்மாவுக்கு வேலை போயிடும்."

"நான் இந்த வீட்டுக்காரன், நான் சொல்றேன், திற!"

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க. அடுப்புல பால் வெச்சிருக்கேன்." போய்விட்டார்.

காத்திருந்தோம். ஷிப்ட் மணி அடித்திருக்க வேண்டிய நேரம் தாண்டியது. ரேடியோவுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன்.

"பேசறதுக்குன்னே பொறந்தவ, இன்னிக்குப் பார்த்து எடுக்க மாட்டேங்கறா!" என்றார் மாமா. செருப்போடு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "நீதான் காரணம். உங்கம்மாவை ஏத்தி விட்டது நீதான்."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"வந்துட்டாங்க!" ரேடியோவின் குரல். "மணி அடிக்கறப்ப கேட்டுக்குள்ள ஒரு கால், வெளிய ஒரு கால். நான் பாத்தேன், நான் சாட்சி. முட்டி பேந்திருக்கு. ஒத்தச் செருப்பைக் காணோம். அந்த டியூஷன் பையனுங்க வண்டியில ஒரு வரிசையே சரிஞ்சு போச்சாம். ஒருத்தன் பின்னாடியே வந்து கத்திட்டு நிக்கறான். யார்கிட்ட கத்தறான்? இவங்க பாட்டுக்குத் துண்டு மடிக்கறாங்க. ரோட்டுல அட்டையத் தூக்கிட்டு எவ்வளவோ நேரம் நின்னாங்களாம், ஒருத்தனும் வரலையாம். கடைசியில வழியில போன யாரோ தொட்டுத் தாண்டி விட்டாங்களாம். கை வலிக்குதுங்கறாங்க."

"முதலாளி?"

"முட்டியப் பாத்துட்டு, 'விழுந்திருக்காங்களே'ன்னு ஆரம்பிச்சாரு. போன வாரம் நீங்களும்தான் படியில உருண்டீங்க, உங்களுக்கு ஆள் போட்டாங்களான்னு கேட்டேன். முறைச்சாரு. அப்புறம் மருந்துப் பெட்டிய எடுத்துட்டு வரச் சொன்னாரு. போயிட்டாரு. ஆஸ்பத்திரி லோடு வந்து குவிஞ்சு கெடக்கும்மா, அவருக்கு மடிக்க ஆளு வேணாமா? சரி, வெச்சிடறேன்." வைக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். நான்தான் வைத்தேன்.

மாமா சுவரில் சாய்ந்து நின்றார்.

"விழுந்தாளா?"

"விழுந்தாங்க."

"யார் தூக்கி விட்டா?"

"யாரும் இல்லைன்னு நெனக்கறேன் மாமா."

"யாருமேவா?" என்றார். "அவளாவே எந்திரிச்சாளா?"

ஜன்னல் வழியே அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வந்து தாழை நீக்கிக் கதவைத் திறந்துவிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது மாமா திறந்த கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தார். படி இறங்கவில்லை.